இருபத்தேழாம் அறையின் தகடு

இதுவரை பிறந்த மனிதர்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். போட்டுக்கொடுத்தவர்கள் ஒரு வகை. நான் இன்னொரு வகை.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஆய்வு முடிவாகச் சொல்கிறேன். மூன்றாம் வகுப்பில் டீச்சரின் மூக்குக்கண்ணாடி மேல் உட்கார்ந்தவன் யாரென்று எனக்குத் தெரியும். பிரம்பு என் உள்ளங்கையிடம் ஆறு தடவை கேட்டது. சொல்லவில்லை. உட்கார்ந்தவன் நான்தான் என்றாலும் கொள்கை கொள்கைதான். என் அக்கா மொட்டை மாடியில் யாரோடு போன் பேசுகிறாள் என்று வீடே கூடி விசாரித்தபோது, ஆறாவது ஆளாக நின்று ஐந்து பேரைவிட அதிகமாக ஆச்சரியப்பட்டேன். அவர் இப்போது என் அத்தான். இன்றுவரை என்னிடம் தனி மரியாதை.

ஆகவே கோமதிநாயகம் ஆகிய நான், பொறியியல் நான்காம் ஆண்டில் இருந்தபோது, எங்கள் விடுதியில் தட்டு கவிழ்க்கும் அதிகாரம் யாருக்கு உண்டு என்ற கேள்வி எழவே இல்லை.

எங்கள் கல்லூரி பணகுடிக்கும் காவல்கிணற்றுக்கும் நடுவில், காற்றாலைகளின் காலடியில் இருந்தது. காற்று அடிப்பதைத் தவிர அங்கே வேறெதுவும் நடக்காது. விடுதி மெஸ்ஸில் ஒவ்வொருவனுக்கும் ஒரு எவர்சில்வர் தட்டு. விளிம்பில் பேர் வெட்டியிருக்கும். ஒருவன் வார்டனிடம் இன்னொருவனைப் போட்டுக்கொடுத்தான் என்று தெரிந்தால், மறுநாள் காலை அவன் தட்டு அலமாரியில் கவிழ்ந்து இருக்கும். அதன்பின் அந்த செமஸ்டர் முடியும்வரை அவன் செய்தித்தாளில் வைத்துத்தான் தின்ன வேண்டும். பேச ஆள் கிடையாது. கவிழ்த்தது யார் என்று கேட்கவும் கூடாது. பத்தொன்பது வருஷத்தில் இரண்டே தட்டுகள்தான் கவிழ்ந்திருந்தன. கல்லூரி நூலகத்தைவிட ஒழுங்காக நடந்த ஒரே நிர்வாகம் அது.

நான் மெஸ் சுவரில் வாரம் ஒரு தாள் எழுதி ஒட்டிவந்தேன். பேர் 'உப்புமா'. யாரும் விரும்பிக் கேட்பதில்லை, ஆனாலும் தவறாமல் வரும் என்பதால் அந்தப் பேர்.

*

எங்கள் இறுதியாண்டு ப்ராஜெக்ட் துத்தநாகம். எனக்கும் என் அறைக்காரன் சுடலைமுத்துவுக்கும் சேர்த்து ஒரே ப்ராஜெக்ட். தீப்பிடிக்கிற பேட்டரிகளை நாடு கைகழுவிக்கொண்டிருந்த வருஷம் அது. தண்ணீரும் துத்தநாகமும் போட்ட பேட்டரிப் பெட்டி தீப்பிடிக்காது. ஆனால் சீக்கிரம் செத்துவிடும். ஏன் சாகிறது என்று எங்கள் ப்ராஜெக்ட் கைடு தமயந்தி மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"சார்ஜ் ஏறும்போது கரைஞ்ச துத்தநாகம் திரும்பத் தகட்டுல வந்து படியணும். ஒழுங்காப் படியாது. ஒரு எடத்துல மேடு விழும். அடுத்து வர்றதும் அந்த மேட்டுலயேதான் ஏறும். கடைசில முள்ளா வளந்து, நடுவுல இருக்க தாளைக் குத்திக்கிட்டு அந்தப் பக்கம் போயிரும். அவ்வளவுதான், பெட்டி காலி."

"டவுன் பஸ்ஸு மாதிரி மேடம்," என்றான் சுடலை. "ஏறுன எடத்துலயே எல்லாவனும் நிப்பான். உள்ள எடம் காலியாக் கெடக்கும்."

"ஆமா. நமக்கு வேண்டியது ஒரு கண்டக்டர். 'உள்ள போ, உள்ள போ'ன்னு தள்ளிவிட."

நாலு மாதம் கண்டக்டரைத் தேடினோம். கிடைத்த விதத்தை மேடம் எந்தக் கட்டுரையிலும் எழுதமாட்டார். ஆய்வகத்துக்குள் காபி கொண்டுபோகக் கூடாது என்பது விதி. என் கருப்பட்டிக் காபி ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் கவிழ்ந்தது. குடுவையைக் கழுவச் சோம்பல்பட்டு அப்படியே ஓடவிட்டோம். மற்ற தகடுகளில் முள் முளைத்தது. அந்தத் தகட்டில் துத்தநாகம் கல்யாணப் பந்தியில் இலை போட்டதுபோல வரிசையாகப் படுத்திருந்தது. மேடம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு காபியை யார் உள்ளே கொண்டுவந்தது என்று கேட்டார். நான் சொல்லவில்லை. கொள்கை.

கருப்பட்டியிலிருந்து எதைப் பிரித்தெடுக்க வேண்டுமோ அதை மேடம் பிரித்தெடுத்தார். ஜனவரியில் விடுதியின் எல்லா அறைக் கட்டிலுக்கடியிலும் ஒரு துத்தநாகப் பெட்டி வந்துவிட்டது. காற்றாலை மின்சாரம் அதில் ஏறி, அதிலிருந்துதான் அறைக்குப் போகும். எங்கள் வேலை, மாதம் ஒருமுறை சில பெட்டிகளிலிருந்து ஒரு தகட்டை உருவி, புதுத் தகட்டைச் சொருகி, பழையதை மேடமிடம் கொடுப்பது.

அதே ஜனவரியில்தான் சுடலையின் அப்பாவும் வந்தார்.

*

அவர் பேர் முத்துக்குட்டி. ராதாபுரம் பக்கம் ஜல்லி கிரஷரில் இருபத்திரண்டு வருஷம். தூசி நெஞ்சில் படிந்து, நெஞ்சே ஒரு சின்ன குவாரி ஆகிவிட்டது. இரவும் பகலும் மூக்கில் குழாய் இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் மெஷினைக் கொடுத்தார்கள். கரண்டைக் கொடுப்பது அவர்கள் வேலை இல்லையே. ஊரில் ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் கரண்ட் இருக்காது, சில நாள் ஆறு.

"ஏ நாயகம்," என்றான் சுடலை, "நம்ம பெட்டில அந்த மெஷின் ஓடுமால?"

"நம்ம கண்டக்டர் இருக்காம்லா, ஓடும்."

விடுதியில் வெளியாள் தங்கக் கூடாது. வகுப்பு நேரத்தில் மெயினை அணைத்துவிடுவார்கள். மெயின் போனாலும் பெட்டி இருந்தது. முத்துக்குட்டி மாமா என் கட்டிலில் படுத்தார். நான் தரைக்கு இறங்கினேன். மெஷின் 'புஸ்... டக்' என்று மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். மூன்றாம் நாளே அது இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது என்றாகிவிட்டது.

"மருமவனே, ஒம் கட்டில நான் புடிச்சுக்கிட்டேன். நீ தரையில கெடக்க. பாவம்லா," என்பார்.

"பொண்ணு இருந்தாக் குடுத்துருங்க மாமா. கணக்கு சரியாப் போகும்."

"ஒரே பயதான். வேணுமா?"

"இருக்கதே தொல்ல."

சிரிப்பார். சிரித்தால் இருமல் வரும். இருமினால் வெந்நீர் வேண்டும். தினமும் விடியும்போது அறை வாசலில் ஒரு சிவப்புப் பிளாஸ்க் நிறைய வெந்நீர் இருக்கும். மெஸ்ஸில் ஏழு மணிக்கு முன்னால் அடுப்பே பற்றாது. சுடலை எங்கேயோ அலைந்து கொண்டுவருகிறான் என்று நினைத்துக்கொண்டேன். மாமா ஒருநாள், "நல்ல புள்ளைய்யா நீ, விடியக்காலமே வெந்நி வச்சுருத," என்று என்னிடமே சொன்னார். நான் மறுக்கவில்லை. பெரியவர் சந்தோஷமாக இருக்கிறார், கெடுப்பானேன்.

மாடி முழுக்கத் தெரியும். முப்பத்தாறு பேர். வகுப்பு நேரத்தில் யார் மாமாவோடு இருப்பது என்று முறை போட்டு வைத்திருந்தோம். ஒருவனும் வாய் திறக்கவில்லை. அந்த மூன்று மாதம் உலகத்திலேயே நம்பத் தகுந்த இடம் எங்கள் இரண்டாவது மாடிதான் என்று 'உப்புமா'வில் எழுத ஆசை. எழுதினால் ரகசியம் போய்விடும் என்பதால் எழுதவில்லை.

*

ஏப்ரல் மாதம், செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. என் முறை. வார்டன் பால்பாண்டி சார் ரெய்டு வந்தால் ஒன்றாம் எண் அறையிலிருந்து வருவார். நாங்கள் இருபத்தேழு. முதல் கதவு தட்டும் சத்தம் கேட்டாலே கால்மணி நேரம் கிடைக்கும். அன்று ஒரு கதவும் தட்டப்படவில்லை. படியேறி நேராக வந்து எங்கள் கதவைத் திறந்தார்.

"நாயகம், கட்டில்ல யாருடே?"

"மாமா சார்."

"யாருக்கு மாமா?"

"பொதுவா சார்."

அவர் சிரிக்கவில்லை. கையில் ஒரு தாள் இருந்தது. "ஆபீஸ்ல இருந்து ரூம் நம்பர் போட்டு வந்துருக்கு. நான் என்ன செய்ய முடியும்? ஜனவரில இருந்து இங்கதான் இருக்காருன்னு தேதி வரைக்கும் போட்டுருக்கான்."

"யாரு சார் சொன்னா?"

"எனக்கெப்படித் தெரியும். தாள் வந்துது, நான் வந்தேன்."

மாமா எழுந்து உட்கார்ந்தார். மூக்கிலிருந்து குழாயை எடுத்தார். போர்வையை நாலாக மடித்து என் தலையணை மேல் வைத்தார். "புள்ளைகள ஏசாதீங்க சார். நாந்தான் வந்தேன்," என்றார். செருப்பைத் தேடி மாட்டினார். இரண்டு மாடிப் படிகளில் பதினோரு இடத்தில் நின்றார். நான் மெஷினைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். ஓடாத மெஷின் அவ்வளவு கனம்.

சுடலை வகுப்பிலிருந்து ஓடிவந்து அப்பாவை ஆட்டோவில் ஏற்றினான். ஏறுவதற்கு முன் மாடியைத் திரும்பிப் பார்த்தான். ஜன்னலுக்கு ஒருத்தனாக எல்லாரும் நின்றிருந்தார்கள், நான் மட்டும் கீழே ஆட்டோ பக்கத்தில். முப்பத்தைந்து பேர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். என் முகத்தைத் தாண்டியபோது மட்டும் அவன் கண் நிற்கவில்லை. என்னைச் சந்தேகப்பட அவனுக்குத் தோன்றவில்லை.

*

குற்றவாளியைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. முப்பத்தோராம் அறை ஜெபசிங். நாசரேத்துக்காரன். சட்டையை உள்ளே விட்டு பட்டன் கழுத்துவரை போடுகிறவன். வகுப்புப் பிரதிநிதி, வராதவனை வரவில்லை என்றே எழுதுகிறவன். திங்கட்கிழமை மாலை அவன் ஆபீஸிலிருந்து ஒரு தாளோடு வெளியே வந்ததை மூன்று பேர் பார்த்திருந்தார்கள்.

"பாஸ்போர்ட்டுக்கு சான்றிதழ் வாங்கப் போனேன்," என்றான்.

"எங்க போற, வெளிநாடா? இங்க இருந்தா ஒதப்பாங்கன்னா?"

"நான் சொல்லல நாயகம்."

ஒரே ஒரு தடவைதான் அப்படிச் சொன்னான். நிரபராதி என்றால் இன்னும் நாலு தடவை சொல்லியிருப்பான் என்று நான் விளக்கினேன். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். என் விளக்கங்கள் பொதுவாக அப்படித்தான், கேட்க நன்றாக இருக்கும்.

மறுநாள் காலை அலமாரியில் ஜெபசிங்கின் தட்டு கவிழ்ந்திருந்தது. கவிழ்த்தது யார் என்று கேட்கக் கூடாது, ஆகவே நானும் சொல்வதற்கில்லை. அன்று காலை மெஸ்ஸுக்கு முதலில் போனவன் நான் என்பதை மட்டும் சொல்லலாம். அந்த வார 'உப்புமா'வில் வானிலை அறிக்கை போட்டேன்: 'ஆபீஸிலிருந்து முப்பத்தோராம் அறை நோக்கி லேசான காற்று. துர்நாற்றம் ஆங்காங்கே.' மாடியே படித்துச் சிரித்தது. ஜெபசிங் செய்தித்தாளில் இட்லி வைத்துத் தின்றான். சாம்பார் வாங்கவில்லை. சட்டைப் பட்டன் கழுத்துவரை போட்டிருந்தான்.

ஊரிலிருந்து சுடலை போன் பண்ணினால் குரலுக்கு முன்னால் ஃபேன் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொள்வேன். ஃபேன் ஓடினால் கரண்ட் இருக்கிறது.

"நேத்து நாலரை மணி நேரம் இல்லல. விசிறிக்கிட்டே இருந்தேன். விசிறுனா ஆக்ஸிஜன் வருமா? ஆனா விசிறாம எப்படிச் சும்மா இருக்க?"

"சிலிண்டரு?"

"ஒண்ணு வச்சுருக்கோம். அது தீந்துருமோன்னு அப்பா தெறக்கவே விடமாட்டக்காரு. மூச்ச மிச்சம் புடிக்காராம்." பிறகு கேட்டான்: "யாருன்னு தெரிஞ்சுதா?"

"தட்ட கவுத்தாச்சு."

"ஏல, அவனா? வேற எவனா இருந்தாலும் நம்பிருப்பேன். வந்த அன்னிக்கு எங்கப்பா படியேற முடியாம நின்னப்ப அவன்தாம்ல முதுகுல தூக்கிட்டு வந்தான்."

"அதுக்குப் பேருதான் நடிப்பு," என்றேன்.

*

வெளிநாட்டுக் கருத்தரங்குக்குப் போயிருந்த தமயந்தி மேடம் இரண்டு வாரம் கழித்துத் திரும்பினார். செமஸ்டர் கடைசி என்பதால் எல்லா அறைத் தகடுகளையும் உருவி ஆய்வகத்தில் அடுக்கியிருந்தேன். மேடம் ஒன்றை எடுத்து, ஓரத்தை வெட்டி, மெருகேற்றி, உருப்பெருக்கியின் கீழ் வைத்தார்.

"வாங்க கோமதிநாயகம். உங்க காபியோட மகிமையப் பாருங்க."

அவருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரிந்திருக்கிறது. திரையில் கோடுகள். மரத்தை அறுத்தால் தெரியுமே வளையங்கள், அதை நிமிர்த்தி வைத்தாற்போல, ஒன்றின் மேல் ஒன்றாக நூறு வரைக்கும்.

"இது என்ன மேடம்?"

"நாள். ஒவ்வொரு கோடும் ஒரு நாள். தினமும் கரையுது, தினமும் படியுது. ஆனா முழுசாக் கரையறதில்ல. மெல்லிசா ஒரு தோல் தங்கிருது. முன்னாடி முள்ளு முள்ளா வளந்தப்ப எல்லாம் கலைஞ்சு போகும், எதுவும் நிக்காது. இப்ப ஒழுங்காப் படியுதுல்ல? ஒழுங்காப் படியறது எதுவும் மறக்காது."

"எத மறக்காது?"

"கரண்ட் எப்ப எடுத்தாங்க, எவ்வளவு எடுத்தாங்க, எல்லாம். இதோ, இது லைட். இது ஃபேன். இது எவனோ துணி தேச்சுருக்கான், சரியா எட்டே முக்காலுக்கு, வகுப்புக்கு லேட்டு." பட்டனைத் தட்டினார். கோடுகள் வரைபடமாக விரிந்து, கீழே தேதியும் மணியும் வந்து உட்கார்ந்தன. "நிலைத்தன்மைன்னு நம்ம தேடுனோம். கூட இது வந்துது. கேக்காம வந்தது."

"இத ஆபீஸ்ல யாருக்காவது..."

"மாசா மாசம் அறிக்கை போகுதே. மார்ச் மாசத்துல ஒரு படம், ரொம்ப அழகா இருந்துது. ஒரு சின்ன ஏத்த எறக்கம்கூட இல்லாம ராத்திரி பகலா ஒரே அளவு. அந்த மாதிரித் தகடு உலகத்துல யாரும் காட்டுனதில்ல. சேர்மன் ஆபீஸ்ல அத மட்டும் பாத்துட்டுக் கேட்டாங்க, ரெண்டு மாசமா நிறுத்தாம ஓடுறது என்ன மெஷின்னு. ஆளுக்கு மூச்சுக் குடுக்குற மெஷின் அந்த அளவுக்கு இழுக்கும்னு சொன்னேன். கேட்டாங்க, சொன்னேன். நானா போய்ச் சொல்லல."

"அது எந்த ரூம்னு உங்களுக்குத் தெரியாதே மேடம். நம்ம வெறும் நம்பர்தான போடுவோம். டி-14, டி-15ன்னு."

மேடம் அறிக்கையைத் திறந்து அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்.

மினுங்கும் தகட்டின் புகைப்படம். மூலையில் ஒட்டியிருந்த சீட்டு தெளிவாகத் தெரிந்தது. என் கையெழுத்து. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய கையெழுத்து.

'அறை 27. இரவு பகல் பாராமல் மூச்சு விடும் தகடு. மற்ற அறைகள் பார்த்துக் கற்கவும்.'

மார்ச் முதல் வாரம். மாமா சிரித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இதற்கு எண்ணா போடுவது என்று தோன்றியது. எழுதிவிட்டு அவருக்கே படித்துக் காட்டினேன். அவர் சிரித்தார். இருமினார்.

"வெட்டிருக்கலாமே மேடம் அந்தச் சீட்ட."

"நீங்க எழுதாம இருந்துருக்கலாமே."

"உங்கள நம்பிதான குடுத்தேன்."

"என்னை நம்பி என்ன குடுத்தீங்க? அவர் இங்க இருக்கார்னு எங்கிட்டச் சொல்லிருந்தா நான் மறைச்சுருப்பேன். நீங்க எனக்குக் குடுத்தது தகடு. தகடு சொன்னத நான் எழுதுனேன்." குரலை உயர்த்தவில்லை. உருப்பெருக்கியின் விளக்கை அணைத்தார். "வர்ற வருஷம் வீட்டுக்கு வீடு இந்தப் பெட்டி வருது. ஆறு மாசத்துக்கு ஒரு தடவ வந்து தகட்ட மாத்திக் குடுப்பாங்க, இலவசமா. பழைய தகடு எங்க போகும்னு இந்த ஒரு வருஷத்துல நீங்க ரெண்டு பேரும் ஒரு தடவகூட எங்கிட்டக் கேக்கல. நானும் மேல யாரையும் கேக்கல."

அவர் சாப்பிடப் போனார். நான் தகடுகளோடு உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு அப்போது தோன்றியதை மறைப்பதில் அர்த்தமில்லை. ஒரு குற்றத்தை இரண்டு பேர் செய்யலாம். ஜெபசிங்கும் சொல்லியிருக்கலாம். அவன் சொல்லியிருந்தால் என் சீட்டு வெறும் சீட்டு. அவனைப் பற்றி நான் எழுதியதெல்லாம் சரியாகிவிடும். முப்பத்தோராம் அறைத் தகட்டை எடுத்தேன். எதைத் தேடுகிறேன் என்று தெரியவில்லை. ஏதாவது ஒரு அசிங்கம் கிடைத்தால் போதும். ஓரத்தை வெட்டி, மெருகேற்றி, அவனுடைய நாட்களைத் திரையில் விரித்தேன்.

லைட் பத்தரைக்கு அணைகிறது. ஃபேன் இரண்டாம் எண்ணிலேயே ஓடுகிறது. அவனைப் போலவே ஒரு தகடு. பிறகு ஜனவரி பதினெட்டிலிருந்து ஒரு மெல்லிய பளிச்சென்ற கீற்று. அதிகாலை நாலு நாற்பது. ஏழு நிமிஷம் பெரிய இழுப்பு, அப்புறம் ஒன்றுமில்லை. மறுநாளும் நாலு நாற்பது. அதற்கடுத்த நாளும்.

கெட்டில். விடுதியில் கெட்டில் வைத்திருந்தால் மூன்று நாள் நீக்கம். வராதவனை வரவில்லை என்றே எழுதுகிறவன், மூன்று மாதம் ஒருநாள் விடாமல், விதியை மீறி ஒன்றரை லிட்டர் தண்ணீர் சுடவைத்திருக்கிறான். ஒன்றரை லிட்டர் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்தச் சிவப்புப் பிளாஸ்கில் நானே பார்த்திருக்கிறேன், அடியில் அச்சடித்திருக்கும்.

ஏப்ரல் மாதம், அந்தச் செவ்வாய்க்கிழமை, நாலு நாற்பதுக்குக் கீற்று இருந்தது. புதன்கிழமையும் இருந்தது. மாமா போனபிறகும் ஒருநாள், பழக்கத்தில் எழுந்து சுடவைத்திருக்கிறான். அன்று காலைதான் அவன் தட்டு கவிழ்ந்தது. வியாழக்கிழமையிலிருந்து தகடு வெறுமையாக இருந்தது.

*

சுடலை ஊரிலிருந்து வந்து சேர்ந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. மறுநாள் ப்ராஜெக்ட் மதிப்பீடு. அவனுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டுச் சித்தி விசிறிக்கொண்டிருப்பதாகச் சொன்னான். மெலிந்திருந்தான். என் கட்டிலில் படுத்து உடனே தூங்கிவிட்டான். கட்டிலுக்கடியில் பெட்டி இருந்தது, அதில் புஸ் இல்லை, டக் இல்லை.

திங்கட்கிழமை காலை மெஸ்ஸுக்கு முதலில் போனவன் நான். சமையல்காரர் பரமசிவம் அண்ணன் மட்டும் இட்லித் தட்டு இறக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, இந்த வாரம் உப்புமா சீக்கிரமே வந்துட்டா?"

"ஆமாண்ணே. சின்னதுதான்."

சுவரில் தாளை ஒட்டினேன். மார்ச் அறிக்கையின் அந்தப் பக்கம். தகடு, சீட்டு, என் கையெழுத்து. கீழே தேதியும், அது சேர்மன் ஆபீஸுக்குப் போன தேதியும் மட்டும் எழுதியிருந்தேன். வானிலை அறிக்கை எழுதவில்லை.

அலமாரிக்குப் போனேன். ஜெபசிங்கின் தட்டைக் கழுவி நிமிர்த்தி வைத்தேன். பக்கத்தில் சிவப்புப் பிளாஸ்கை வைத்தேன். பிறகு இன்னொரு தட்டைத் தேடி எடுத்தேன். 'கோ.நாயகம்' என்று வெட்டியிருந்தது. அப்பா வள்ளியூர் பாத்திரக் கடையில் நின்று வெட்டி வாங்கியது, மூன்றாம் எழுத்து கொஞ்சம் கோணல்.

பரமசிவம் அண்ணன் கரண்டியோடு பார்த்துக்கொண்டிருந்தார். எதுவும் கேட்கவில்லை. பத்தொன்பது வருஷமாக அவருக்கும் சட்டம் தெரியும்.

ஒவ்வொருவனாக வந்தார்கள். சுவர் முன்னால் நின்றார்கள், சிரிப்பதற்குத் தயாராக. சிரிப்பு வரவில்லை. ஜெபசிங் வந்தான். தாளைப் பார்க்கவில்லை, நேராக அலமாரிக்குப் போனான். தட்டைப் பார்த்தான். பிளாஸ்கைப் பார்த்தான். அவன் முகத்தில் சந்தோஷம் வரவில்லை. அவனுக்குள் பூட்டியிருந்த ஒரு பெட்டியை யாரோ கேட்காமல் திறந்து பார்த்துவிட்டார்கள் என்பதுபோல என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"என் தகட்ட வெட்டிப் பாத்தியா?" என்றான், மெதுவாக.

தலையாட்டினேன்.

"கேட்டுருந்தா நானே சொல்லிருப்பேன்லா."

தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

கடைசியாகச் சுடலை வந்தான், தலை துவட்டாமல், போனைக் கையில் பிடித்தபடி. அலமாரியில் கை வைத்தவன் நின்றான்.

"ஏ, ஒன் தட்ட எவம்ல கவுத்தது? எவனுக்கு அவ்ளோ திமிரு?"

"சொவத்தப் பாரு."

போய்ப் பார்த்தான். படிக்க இரண்டு வரிதான். நிறைய நேரம் நின்றான். அந்த வரியை அவன் அப்பாவுக்கு நான் படித்துக் காட்டியபோது அவனும் அறையில் இருந்தான்; அவனும் சிரித்தான். அது அவனுக்கு ஞாபகம் வருவதை முதுகிலிருந்தே பார்க்க முடிந்தது.

திரும்பி வரும்போது போன் அடித்தது. எடுத்தான். "கரண்டு இருக்கா சித்தி?... எப்ப போச்சு?... சிலிண்டரத் தெறங்க. அவரு வேண்டாம்னுதான் சொல்லுவாரு, நீங்க தெறங்க."

என் முன்னால் வந்து நின்றான். ஏசுவான் என்று காத்திருந்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது. அவன் என்னைத் தாண்டிக் கையை நீட்டி, தன் தட்டை எடுத்தான். நாலு இட்லி வாங்கிக்கொண்டு, ஜன்னலோரம் ஜெபசிங்குக்கு எதிரே போய் உட்கார்ந்தான். ஜெபசிங் ஏதோ கேட்டான். சுடலை பதில் சொன்னான். ஜெபசிங் தன் சாம்பாரை அவன் பக்கம் நகர்த்தினான்.

பரமசிவம் அண்ணன் நேற்றைய செய்தித்தாளில் ஒரு பக்கத்தைக் கிழித்து நீட்டினார். இரண்டாக மடித்து வாங்கிக்கொண்டேன்.

"சாம்பாரு?" என்றார், பழக்கத்தில்.

"வேண்டாம்ணே. சட்னி கொஞ்சம் கெட்டியாப் போடுங்க."